ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் வந்த பேஸ்

1. புகார்

"அக்கா, நீங்க மாட்டிட்டுப் போன சவுண்ட்பாரு ஆஃப் பண்ணாலும் பேஸ் அடிக்குதுக்கா."

ஒரு சனிக்கிழமை காலை, ஆண்டர்சன்பேட்டையில் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது வந்த போன் அது. பேசியவள் சுகுணா. சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய லைன் வீடு ஒன்றில் அப்பாவோடு இருக்கிறாள். வாரநாளெல்லாம் ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவள்.

என் பெயர் கௌதமி. பங்காருபேட்டையில் இருக்கும் ஒரு சர்வீஸ் சென்டருக்காக டிவி, சவுண்ட்பார், ஹோம் தியேட்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. பிக்சர் ட்யூப் டிவி காலத்தில் தொழிலுக்கு வந்தவள். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சென்டரில் கேட்டார்கள். எந்த செட்டிங் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் மேனுவலிலேயே இருக்கிறது. மேனுவலில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

ஆஃப் செய்த பிறகும் பேஸ், அதாவது அடி ஆழமான அதிர்வுச் சத்தம், வருகிறது என்றால் நம் மூளை உடனே சில இடங்களுக்குப் போகும். ரிமோட்டில் அணைத்தால் பார் தூங்கும், முழுதாகச் சாகாது. டிவி அதை HDMI வழியாக மறுபடி எழுப்பிவிடலாம். வயர்லெஸ் சப்வூஃபர் பக்கத்து வீட்டு சிக்னலைப் பிடிக்கலாம். எர்த்திங் சரியில்லாத வீட்டில் ஒரே சீராக 'ம்ம்ம்' என்று முனகும். டால்பியிலிருந்து சாதா ஸ்டீரியோவுக்கு ஃபார்மட் மாறும்போது சில பெட்டிகள் 'தொப்' என்று ஒரு சத்தம் போடும். எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது.

சென்டர் மானேஜர் பிரகாஷுக்கு போன் போட்டேன். கன்னடக்காரர், எங்களிடம் தமிழில் பேசுவார்.

"பேடாம்மா, போவாதே. மழைல இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்? டிவி ஆடியோவை பிசிஎம்ல போடச் சொல்லு. ஃபார்மட் ப்ராப்ளமு அது. போன்லயே ஆய்த்து."

அதையே சுகுணாவிடம் சொன்னேன். அவள் சொன்னபடி செய்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, நீங்க ஒருவாட்டி வந்துடுங்களேன். நைனா வூட்டுக்குள்ளயே வர மாட்டேங்குறாரு. வாசல்ல சேரப் போட்டுக்கினு கொடையப் புடிச்சிக்கினு உக்காந்திருக்காரு. எனக்கு பயமா இருக்கு."

2. மாட்டிய நாள்

அந்த வீட்டில் பாரை மாட்டியதும் நான்தான். அந்த நாளைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான பார், பின்னால் வைக்க இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள், மூலையில் தரையில் வைக்கும் சப்வூஃபர், சுருக்கமாக சப். அட்டைப்பெட்டியின் மேல் வரிசையாக லோகோக்கள். டால்பி டிஜிட்டல், டால்பி அட்மாஸ், DTS. நம் கஸ்டமர்கள் இந்த லோகோக்களைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அவை என்னவென்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. படத்தின் சத்தத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டு எந்த ஸ்பீக்கரில் வரவேண்டும் என்று பொட்டலம் கட்டி அனுப்புவதுதான் ஃபார்மட். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகக் கட்டுகிறது. பார் அந்தக் கட்டைப் பிரிக்கத் தெரிந்ததாக இருக்கவேண்டும். நடுவில் இருக்கும் டிவியும் அதைப் பிரிக்காமல் அப்படியே தாண்டவிட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினால் படம் ஓடும், சத்தம் வராது.

சுகுணா வீட்டில் அதுதான் நடந்தது. பென்டிரைவில் அவள் வைத்திருந்த படத்தில் DTS சத்தம். பாருக்கு DTS தெரியும். டிவிக்குத் தெரியாது. 'இந்த ஆடியோ ஃபார்மட்டுக்கு சப்போர்ட் இல்லை' என்று திரையில் எழுத்து வந்து நின்றது. பென்டிரைவைப் போடுகிற சின்ன ப்ளேயர் ஒன்றை நேராக பாரின் HDMI இன்புட்டிலேயே செருகினேன். டிவியைச் சுற்றி வராமல் சத்தம் நேரே பாருக்குப் போயிற்று. வீடே நிறைந்தது.

சுகுணா கைதட்டினாள். "ப்ளோர், ரூஃப் எல்லாம் பேசுதுக்கா!"

அப்போதுதான் படத்தில் ஒரு மலை வெடித்தது. 5.1 என்று சொல்கிறோமே, அந்தப் புள்ளி ஒன்று என்பது இந்த மாதிரி ஆழமான சத்தத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் தடம். அது சப்வூஃபருக்கு மட்டும் போகும். காதால் கேட்பதைவிட காலால் கேட்பது அதிகம். சுகுணாவின் அப்பா முனுசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சத்தம் வந்த நொடியில் எழுந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, கூரையைத் தாங்குகிறவர் மாதிரி நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார்.

நான் படத்தை நிறுத்தினேன். சுகுணா சமையலறைப் பக்கம் என்னை அழைத்துப்போய்ச் சொன்னாள். முனுசாமி மாமா அண்டர்கிரவுண்டில் டிம்பர்மேன். தோண்டிய இடம் சரியாமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. ஆழத்தில் பாறை தன் மேல் ஏறிய பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். எங்கள் ஊரில் அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். அப்படி ஒரு பிளாஸ்ட்டில் மாமா ஒரு பக்கம் மாட்டிக்கொண்டார், சரிந்த கல்லுக்கு அந்தப் பக்கம் அவருடைய ஜோடி ஆள். இருவரும் கல்லால் பாறையைத் தட்டித் தட்டி, உயிரோடு இருப்பதை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் வந்து மாமாவை வெளியே எடுப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்துத் தட்டல் நின்றுவிட்டது.

நான் சப்பின் அளவைப் பாதியாகக் குறைத்தேன். திடீர்ச் சத்தங்களை அமுக்கிவிடும் நைட் மோடையும் போட்டேன். மாமாவைக் கூப்பிட்டு அதே காட்சியை ஓட்டிக் காட்டினேன். "இப்ப பரவால்லம்மா" என்றார். ஆனாலும் அந்த சப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், கட்டிப்போடாத நாயைப் பார்ப்பது போல.

அதனால்தான் சனிக்கிழமை சுகுணா சொன்னதும், இரண்டையும் நான் முடிச்சுப் போட்டேன். பெட்டியில் ஏதோ சின்னக் கோளாறு. அது மாமாவின் பழைய பயத்தைக் கிளறிவிட்டிருக்கிறது. போய்ச் சரி செய்துவிட்டால் அவர் உள்ளே வந்துவிடுவார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

3. இரண்டு கைகள்

அந்த வாரம் முழுக்க மழை. அன்று காலைதான் கொஞ்சம் விட்டிருந்தது. மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார், மடக்காத குடையோடு.

"வந்துட்டியாம்மா? அத்த எடுத்துகினு போயிடு. எனுக்கு அது வேணாம்."

"பாத்துட்டு எடுத்துடலாம் மாமா" என்றேன்.

டிவியைப் போட்டேன். சத்தம் பிசிஎம்மில் இருந்தது. அதாவது பொட்டலம் எதுவும் இல்லாத சாதா ஸ்டீரியோ. புள்ளி ஒன்று தடமே கிடையாது. செய்தி வாசிப்பவர் குரல் சுத்தமாக வந்தது. சுகுணா சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் தரையில் உட்கார்ந்து மெனுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'தும்.'

ஒரே ஒரு தரம். கனமாக. எங்கிருந்து என்று சொல்ல முடியாத சத்தம். ஷெல்ஃபில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி அடங்கின. செய்தி வாசிப்பவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களாக்கா! இதான், இதேதான்!"

சுகுணா குரலில் பாதி சந்தோஷம். மெக்கானிக் வந்தால் கோளாறு ஒளிந்துகொள்ளும், இது ஒளியவில்லை. எனக்கும் தெம்பாகத்தான் இருந்தது. கண்ணெதிரே வருகிற ஃபால்ட் என்றால் வேலை சுலபம்.

ஸ்டீரியோவிலும் கீழ்ச் சத்தத்தை பார் பிரித்து சப்புக்கு அனுப்பும். அதனால் சப்பின் அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். காத்திருந்தோம். வந்தது.

சப்புக்கும் பாருக்கும் இருக்கும் வயர்லெஸ் இணைப்பை அறுத்தேன். பச்சை விளக்கு போய்ச் சிவப்பு விளக்கு மினுக்கியது. இனி பார் என்ன சொன்னாலும் இதற்குக் கேட்காது. காத்திருந்தோம். இந்தத் தடவை கொஞ்ச நேரம் பிடித்தது. வராது என்று நான் மூச்சு விட்டபோது வந்தது.

மாமா நாற்காலியை விட்டு எழுந்து வாசற்படிக்கு வந்திருந்தார். படியைத் தாண்டவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு என் கைகளையே பார்த்தார்.

"இப்ப இன்னா பண்ண?"

"இணைப்பைக் கட் பண்ணேன் மாமா. இப்ப பிளக்கையே எடுத்துடறேன்."

டிவி, பார், ப்ளேயர், சப், எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கினேன். சிவப்பு விளக்கும் அணைந்தது. வீடு அமைதியாயிற்று. எவ்வளவு அமைதி என்றால், கூரைத் தகட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் கேட்டது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் கேட்டது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. சப்பின் துணி மூடியில் இடது உள்ளங்கையை வைத்தேன். உள்ளே இருக்கும் கூம்பு அசைந்தால் கையில் தெரியும். வலது உள்ளங்கையைத் தரையில் வைத்தேன்.

'தும்.'

வலது கைக்கு வந்தது. இடது கைக்கு வரவில்லை.

கையை எடுக்கத் தோன்றவில்லை. எடுத்தால் ஏதோ ஆகிவிடும் என்பது போல அப்படியே வைத்திருந்தேன். இந்த ஊரில் பிறந்தவர்களுக்குக் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும். தோண்டித் தோண்டி வெற்றிடமாக விட்ட பாதைகள். சுரங்கக் கம்பெனியை மூடிய பிறகு தண்ணீர் இறைக்கும் பம்புகளையும் நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் ஏறி நிற்கிறது. தெரிந்ததை மறந்துதான் சமைக்கிறோம், தூங்குகிறோம், சவுண்ட்பார் வாங்குகிறோம்.

"மெஷின்தானம்மா?" என்றார் மாமா.

நான் இடது கையைச் சப்பில் இன்னும் அழுத்தி வைத்துப் பார்த்தேன்.

"மெஷின்தான்னு சொல்லும்மா." மாமாவின் குரல் கெஞ்சியது. "ரெண்டு நாளா நா அதுதான்னு சொல்லிகினு கீறேன். நீ தொழில் தெரிஞ்சவ. நீ மெஷின்தான்னு சொல்லிட்டீனா நா நம்பிக்கிறேன். உள்ள வந்து படுத்துக்கிறேன்."

அப்போதுதான் விளங்கிற்று. அவர் சவுண்ட்பாருக்குப் பயந்து மழையில் உட்காரவில்லை. அது சவுண்ட்பாராக இருக்கவேண்டுமே என்று உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"இல்ல மாமா" என்றேன். "மெஷின் இல்ல."

அவர் முகம் ஒரு கணம் சின்னப் பிள்ளையின் முகம் போல ஆயிற்று. அடுத்த கணம் வேறு ஆளாக இருந்தார். குரலே மாறிவிட்டது.

"அப்ப கெளம்புங்க. சுகுணா, செருப்பு தேடாத. வா."

சுகுணா கேஸை அணைக்கச் சமையலறைக்குள் ஓடினாள். உள்ளேயிருந்து, "அக்கா, பின்கதவு தெறக்க மாட்டேங்குது" என்றாள். "காலைல தெறந்தேனே. தண்ணி புடிச்சேனே."

போய்ப் பார்த்தேன். கதவில் ஒன்றுமில்லை. நிலைச்சட்டம் சாய்ந்து கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. கீழே, சுவரும் தரையும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்து என் காலில் பட்டது. வெளியே காற்றே இல்லாத நாள் அது. இதை எழுதும்போதும் அந்தக் குளிர் கணுக்காலில் தெரிகிறது.

சுகுணாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

4. ரோட்டில் வைத்த சப்

லைன் வீடு என்றால் தனி வீடு இல்லை. ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக ஒட்டிய வீடுகள். நாங்கள் மட்டும் வெளியே வந்து என்ன பயன்?

பக்கத்து வீட்டு தெரசா அக்காவின் கதவைத் தட்டினேன். கையில் கரண்டியோடு வந்தார்.

"அக்கா, எல்லாரும் வெளிய வாங்க. கீழ தரை நகருது. பின்பக்கம் சுவரு விட்டுடுச்சி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டையில் சர்வீஸ் சென்டர் பேட்ஜ்.

"நீதான அந்த ஹோம் தியேட்டர் மாட்டுன பொண்ணு? நல்லா கீதும்மா கத. நாளெல்லாம் வூட்டையே ஆட்டுது அந்தப் பொட்டி. எங்க வூட்டுக்காரரு பக்கவாதத்துல படுத்துகினு கீறாரு, பாவம், தூக்கிவாரிப் போடுது அவருக்கு. நாயித்துக்கெழம சண்டைக்கு வரலாம்னு இருந்தேன். இப்ப தரை நகருதாம். சத்தத்தக் கொறைக்க வக்கில்ல, பூமி மேல பழி போடுறீங்க."

"தெரசா, அந்தப் பொண்ணு சொல்றத கேளு" என்றார் மாமா.

"அண்ணே, உனுக்கு எப்பவும் அதே நெனப்பு. ஊருக்கே தெரியும்."

அதைக் கேட்டு மாமா இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அடுத்த வீடுகளிலிருந்தும் சிலர் எட்டிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரிந்திருந்தது. எல்லாருக்கும் அது சுகுணா வீட்டு சவுண்ட்பார்தான். ஒரு பையன், "செம பேஸ்க்கா உங்க சிஸ்டம்" என்றுகூடச் சொன்னான். கை நீட்டிக் குற்றம் சொல்ல ஒரு பெட்டி இருக்கும்போது, தரையைப் பற்றி யார் நினைப்பார்கள்?

பேசி ஆகாது என்று தெரிந்தது. நான் திரும்பி சுகுணா வீட்டுக்குள் போனேன்.

தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். படியில் ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவள் நினைவு வந்தது. மாமா பின்னாலிருந்து, "கூடாதும்மா" என்றார். அந்த மூலைக்கு அதிக தூரமில்லை. ஓடினேன். சப்பை வயிற்றோடு சேர்த்துத் தூக்கினேன். திரும்பும்போது தரை என் காலுக்குக் கீழே மெத்தை மாதிரி இறங்கி ஏறியது. கத்தினேனா என்று தெரியவில்லை. நான் கத்தியதாகச் சுகுணா சொல்கிறாள்.

ரோட்டின் நடுவில் சப்பை வைத்தேன். ஒயரைத் தூக்கிக் காட்டினேன். பிளக் அந்தரத்தில் ஆடியது.

"பாருங்க. இதுதான் பேஸ் வர்ற பொட்டி. வேற எதுலயும் வராது. கரண்ட் இல்ல, ஒயரு என் கையில கீது. அக்கா, இப்ப நீங்க உங்க வூட்டுச் செவத்துல கை வெச்சிப் பாருங்க."

தெரசா அக்கா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கதவருகே சுவரில் கையை வைத்தார். எல்லாரும் அவரைப் பார்த்தோம். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். வந்துவிடு, வந்துவிடு என்று நான் வேண்டிக்கொண்டேன். அப்படி ஒன்றை வேண்டிக்கொள்ள நேர்ந்ததே என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

வந்தது. இரண்டு தடவை, அடுத்தடுத்து. அவர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"யேசுவே, எங்க வூட்டுக்காரரு" என்றார்.

அதன் பிறகு யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேஸ் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பையனும் இன்னும் மூன்று பேரும் தெரசா அக்கா வீட்டுக்குள் போய் அவர் கணவரைக் கட்டிலோடு தூக்கினார்கள். வாசல் குறுகல். கட்டிலைச் சாய்த்தால் அவர் விழுந்துவிடுவார். மாமா வாசலில் நின்று, "எடப்பக்கம் தாழ்த்து. மெல்ல. அவசரம் வேணாம். இப்ப தூக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. குரல் மட்டும் ஆடவில்லை. கட்டில் ரோட்டுக்கு வந்தது. கடைசி வீடு வரைக்கும் காலியானது.

5. கொய்யா மரம்

பெரிய சத்தத்தை எதிர்பார்த்து எல்லாரும் நின்றிருந்தோம். மழை மறுபடி தூற ஆரம்பித்தது. சிலருக்குச் சலிப்பு வந்துவிட்டது. ஒருவர், அடுப்பில் வைத்த பாலை மட்டும் இறக்கிவிட்டு வருகிறேன் என்று நடக்கத் தொடங்கினார். மாமா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பால் போவட்டும்டா."

அப்போது சுகுணா வீட்டுக்குப் பின்னால், கூரைக்கு மேலே தெரிந்துகொண்டிருந்த கொய்யா மரம் இறங்கியது. விழவில்லை. நின்றபடியே, லிஃப்டில் போவது போல, இலைகள் அசையாமல் கீழே போயிற்று. பிறகு மணல் மூட்டையைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், நீளமாக. குளியலறையும் சமையலறையில் பாதியும் அதன் பின்னாலேயே போயின. முன்வாசல் வழியாகத் தெரிந்த பின்கதவு தனியாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே சாய்ந்தது. சற்று முன் நானும் சுகுணாவும் நின்ற இடம் அது.

தெரசா அக்கா கட்டிலின் காலைக் கட்டிப்பிடித்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சுகுணா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அது அவளுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை.

நான் மாமாவைத் தேடினேன். அவர் ஒரு ஆள் ஒரு ஆளாகத் தோளைத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். கடைசி ஆளைத் தொட்டதும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு சாக்கடைப் பக்கம் போய் வாந்தி எடுத்தார்.

அதிகாரிகள் வந்தார்கள். கயிறு கட்டினார்கள். மக்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். பிரகாஷ் பங்காருபேட்டையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வந்துவிட்டார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பள்ளத்தைப் பார்த்தார்.

"போவாதேன்னு நான்தானே சொன்னேன்" என்றார். திட்டவில்லை. கண் கலங்கியிருந்தது. வண்டியில் இருந்த அட்டைப்பெட்டிகளையும் பிளாஸ்டிக் தாள்களையும் இறக்கி, பள்ளிக்கூடத்தில் தரையில் விரிக்கக் கொடுத்துவிட்டுப் போனார்.

புகாரை மூடவேண்டுமே. சென்டர் ஆப்பில் காரணம் கேட்கும். இருக்கிற பதில்களில் ஒன்றைத்தான் அழுத்த முடியும். 'கோளாறு எதுவும் இல்லை' என்று ஒன்று இருந்தது. இத்தனை வருடத்தில் எவ்வளவோ தடவை அதை நிம்மதியாக அழுத்தியிருக்கிறேன். அன்று அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள்தான் அழுத்தினேன்.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இன்றும் எந்த வீட்டில் சப்வூஃபரை டெமோ போட்டாலும், முடிந்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் கையை வைத்து உட்கார்ந்திருப்பேன். "இன்னா மேடம் பண்றீங்க?" என்று கேட்பார்கள். சிக்னல் செக் பண்ணுகிறேன் என்பேன். என் வீட்டில் கனமான லாரி போனால் நான் வாசலுக்கு வந்து நிற்கிறேன். மகள் சிரிக்கிறாள், ஆனால் அவளும் வந்து நிற்கிறாள்.

ஃபார்மட் பிரச்சினையா, கேபிள் பிரச்சினையா, செட்டிங் பிரச்சினையா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கழித்துப் பார்ப்பது நம் வேலை முறை. நல்ல முறைதான். அதைத்தான் அன்றும் செய்தேன். ஆனால் ஒவ்வொன்றாகக் கழிக்கும்போது, நமக்குப் பிடித்த ஒரு பதிலை மனசு ஒரு மூலையில் எடுத்து வைத்திருக்கும். அந்த வீட்டில் இருந்த மூன்று பேருக்கும், அந்த லைன் முழுக்க இருந்தவர்களுக்கும், சவுண்ட்பார் என்ற பதில்தான் பிடித்திருந்தது. பெட்டி கெட்டுப்போனால் நான் சரி செய்துவிடுவேன். கஸ்டமர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும். அப்போதும் கைக்கு என்ன வந்ததோ அதைத்தான் சொல்லவேண்டும். மெஷினில் கோளாறு இல்லை என்று தெரிந்த இடத்தில் வேலை முடிவதில்லை. பிறகு எதில் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பவேண்டும்.

போன மாதம் சுகுணா கூப்பிட்டாள். பங்காருபேட்டையில் வாடகைக்கு ஒரு மாடி வீடு. பழைய செட்டில் பாரும் சப்பும் மட்டும் மிஞ்சியிருந்தன. பாரை அன்றைக்கு யார் தூக்கி வந்தார்கள் என்று இதுவரை தெரியவில்லை. "ஸ்டேஷன் பக்கம்தான்க்கா, நைனா உங்களத்தான் வரச் சொன்னாரு" என்றாள்.

மாமா கொஞ்சம் இளைத்திருந்தார். நாற்காலி உள்ளே, ஜன்னலருகே இருந்தது. பாரை மாட்டினேன். சப்பைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர்தான் அதையும் போடச் சொன்னார். சுகுணா பாட்டு ஒன்றைப் போட்டாள். தாளம் தரையில் இறங்கியது. என் கண் மாமாவின் காலில்தான் இருந்தது. அவர் காலைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

பாட்டு முடிவதற்குள் கீழ் வீட்டிலிருந்து ஒரு அம்மா மேல்நோக்கி, தெலுங்கில், சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்தினார். சுகுணா பதறி ரிமோட்டைத் தேடினாள். மாமா முகம் மலர்ந்துவிட்டது.

"கொறை, கொறை" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, யாருக்கும் தெரியாத நல்ல சேதியைச் சொல்வது போல மெல்லச் சொன்னார்.

"கீழ ஆளுங்க கீறாங்கம்மா."